ஆளுக்குப் பதினைந்து மாத்திரை

வேலைக்கு உட்கார்ந்ததும் ஒரு துண்டு நூலை அறுத்து, அதன் நுனியை உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொள்வாள். தைப்பதற்கு அந்த நூல் தேவையே இல்லை. தைக்கிற நூல் ஊசியில் ஏற்கெனவே கோத்திருக்கும். அந்த ஆயத்த ஆடை ஆலையின் கடைசி மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக இது நடந்தது. வாயில் நூல் வைத்திருப்பவளிடம் யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை என்பதை அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கண்டுகொண்டிருந்தாள்.

"பட்டன் அக்கா வாயைத் தச்சுக்கிட்டாங்கடி. இனிமே சாயங்காலம்தான் பிரிப்பாங்க" என்று பக்கத்து மேஜைப் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், நூல் விழாத அளவுக்கு.

சட்டைக்குப் பட்டன் தைப்பதற்கு ஆலையில் இயந்திரம் இருந்தது. இயந்திரம் சரியாகத் தைக்காமல் விட்டது, ஆடுவது, இடம் தவறியது எல்லாம் அவள் மேஜைக்கு வரும். ஒவ்வொரு பட்டனையும் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, பிரித்து, மறுபடி தைப்பாள். ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபோது பதினான்கு வயது. படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியையும் தங்கையையும் வளர்த்தாள். இருவரையும் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது இவளைக் கரையேற்ற ஆள் இல்லை. தங்கை புகுந்த வீட்டோடு ஒன்றிப் போனாள். தம்பி கடல் தாண்டிப் போனான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான்.

"சாப்ட்டியாக்கா? உடம்பு பரவால்லயா? வேலை எல்லாம் ஓடுதா?"

மூன்று கேள்விக்கும் ஒரே "ம்". அவனும் பாவம், நான்காவதாகக் கேட்க ஒன்றும் இல்லாமல் வைத்துவிடுவான்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் ஒரு தண்ணீர்க் குழாய் மேலிருந்து கீழே போகும். வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவாள். அப்படி ஒருநாள் கழற்றியபோது வலது செருப்பு காலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கீழே விழுந்திருந்த தையல் ஊசி ஒன்று செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறாள். ஊசி ஏறியதற்கு அவள் பயப்படவில்லை. வலிக்கவே இல்லையே என்பதற்குத்தான் பயந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சர்க்கரை இருக்கிறது, அதுவும் நேற்று இன்று வந்ததல்ல என்றார்கள். அங்கேதான் ஒரு ஆராய்ச்சி டாக்டர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். பொறுமையான மனிதர். மேஜை மேல் கிடந்த ரப்பர் வளையத்தை இழுத்து இழுத்துக் காட்டினார்.

"ரத்தக் குழாய் இந்த மாதிரிம்மா. ரத்தம் கூடுதலா வந்தா விரியணும், குறைஞ்சா பழையபடி ஆகணும். உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல் இருக்கு; அதுதான் விரி, சுருங்குன்னு உத்தரவு போடுது. சர்க்கரை அந்தத் தோலைக் கெடுத்துடும். அப்புறம் அது ரப்பர் இல்ல, வெறும் பைப்பு. ஒரு புது மாத்திரை வந்திருக்கு. அதைச் சாப்பிட்டா குழாய் மறுபடி விரியுதான்னு பார்க்கறோம். விரியும்னு சொல்லலை, பார்க்கறோம். ஆறு மாசம். உங்களுக்கு இஷ்டம்னா மட்டும்."

பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாவு மாத்திரை என்றார். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். "யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது. உறையில போட்டு ஒட்டி வச்சிருக்கு. அவசரம்னாதான் பிரிப்போம்."

வேண்டாம் என்று சொல்வதற்கும் பேச வேண்டியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

நான்கு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை. முந்தின இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், டீகூடக் குடிக்காமல் போக வேண்டும். திரை போட்ட குளிர்ந்த அறையில் இரண்டு கட்டில்கள். முழங்கைக்குக் கீழே ஒரு பட்டையைச் சுற்றி, ரத்தம் போகாதபடி ஐந்து நிமிஷம் இறுக்குவார்கள். கை மரத்து, கனத்து, யாரோ ஒருவருடைய கை போலக் கிடக்கும். பிறகு பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் பாய்ந்து வரும். அப்போது மேல்கையில் ஒரு கருவியை அழுத்தி வைத்து, குழாய் எவ்வளவு விரிகிறது என்று கணினித் திரையில் அளப்பார்கள். சாம்பல் நிறத் திரையில் கறுப்பாக ஒரு கோடு. அதுதான் அவளுடைய ரத்தக் குழாய். தனக்குள் இப்படி ஒன்று இத்தனை வருஷமாகத் துடித்துக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

அளக்கும்போது பேசக் கூடாது, அசையக் கூடாது. "இப்படி ஒரு பேஷண்டை நான் பார்த்ததே இல்லை" என்று அளக்கிற பெண் மெச்சினாள். பேசாமல் இருந்ததற்காக அவளை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அடுத்த கட்டிலில் இருந்தவருக்கு அந்தப் பாராட்டு கிடைக்கவில்லை.

"சார், பேசாதீங்க."

"நான் எங்கம்மா பேசினேன்? எப்ப முடியும்னுதானே கேட்டேன்."

"அது பேச்சு இல்லாம என்ன சார்?"

"சரிம்மா, இனிமே பேச மாட்டேன். பேச மாட்டேன்னு சொல்றதும் பேச்சா?"

திரைக்கு இந்தப் பக்கம் அவள் சிரிப்பை அடக்கப் போய்க் கை அசைந்துவிட்டது. முதலிலிருந்து அளந்தார்கள்.

அவர் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறவர். பதினோரு மாடி. அறுபதை ஒட்டிய வயது. மனைவி போய் ஐந்து வருஷம். ஒரே மகள் வேறு ஊரில். சோதனை முடிந்ததும் ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கு ரொட்டியும் டீயும் கொடுப்பார்கள். அந்த மேஜையில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எந்த மாடி மேடம்?" என்றார். அவள் திகைத்தாள். "பழக்கதோஷம். யாரைப் பார்த்தாலும் வாய் தானா கேட்டுடுது. என்ன வேலை பார்க்கறீங்க?"

"பட்டன்... பட்டன் தைக்கறேன்."

"அட! நம்ம தொழில்தான். நீங்க தைக்கறீங்க, நான் அமுக்கறேன்."

நாற்பது வருஷமாகப் பெட்டிக்குள் நின்றே காலம் போனது என்றார். ஒருநாளைக்கு ஆயிரம் பேர் வருவார்கள். ஒருவரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கதவுக்கு மேலே மாறுகிற எண்களைத்தான் பார்ப்பார்கள். "இப்பல்லாம் அவங்களே அமுக்கிக்கறாங்க. என்னை எதுக்கு வச்சிருக்காங்கன்னே தெரியலை. எனக்கே கேக்க பயமா இருக்கு, கேட்டா ஞாபகம் வந்துடுமேன்னு."

முதல் வியாழக்கிழமை அவள் அவரை "அண்ணே" என்றாள். இரண்டாவது வியாழக்கிழமை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டாள்.

அந்த இரண்டாவது தடவைதான் அவர் தன் காலைப் பற்றிச் சொன்னார். இருவரும் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் புதிதாகக் கொடுத்த மாத்திரைப் புட்டிகள், புட்டிக்கு முப்பது.

"எனக்கு அசல் விழுந்திருக்கு. நல்லாத் தெரியுது. பாதம் ஐஸ் மாதிரி இருக்கும், இப்ப கதகதன்னு இருக்கு. உங்களுக்கு?"

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் மரம் போலத்தான் இருந்தது. இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்போ உங்களுக்கு மாவு" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். "மனசுக்கு என்னவோ மாதிரி இருக்குங்க. ஒரே மேஜையில உக்காந்து நான் மட்டும் நல்ல சாப்பாடு சாப்பிடற மாதிரி. பேசாம ஒண்ணு பண்ணுவோம். ஆளுக்குப் பாதி. என்னோடதுல பதினஞ்சு உங்களுக்கு, உங்களோடதுல பதினஞ்சு எனக்கு. அரை மருந்தாவது உங்களுக்கு உள்ள போகட்டும்."

"சிஸ்டர் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு..."

"அது வெளி ஆளுக்கு. நாம உள்ளாளுங்கதானே?"

அது நியாயமாகத்தான் தோன்றியது. இரண்டு பேரும் ஒரே ஆராய்ச்சி, ஒரே டாக்டர், ஒரே நிறப் புட்டி. மிஞ்சிய மாத்திரையை எண்ணிப் பார்க்கும் சிஸ்டருக்கும் எண்ணிக்கை குறையப்போவதில்லை. ஆனால் அவள் சம்மதித்தது நியாயத்தைப் பார்த்து அல்ல. தம்பி தங்கைக்குப் பங்கு வைத்துக் கொடுத்தே வளர்ந்தவள். அவளுக்காக ஒருவர் தன் பங்கைப் பிரித்தது இல்லை. கைக்குட்டையை மடியில் விரித்தாள். பட்டன் பிரிக்கிற விரல்கள். ஒரு நிமிஷத்தில் பதினைந்து பதினைந்தாகப் பிரித்து, கலந்து, இரண்டு புட்டியிலும் நிரப்பினாள்.

"கை வேகத்தைப் பாரு! லிப்ட் தோத்துச்சு" என்றார் அவர்.

மூன்றாவது மாதமும் அப்படியே, நான்காவது மாதமும் அப்படியே. இடையில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் சந்தித்தார்கள். அவர் பேசுவார், அவள் கேட்பாள். அவருடைய சட்டைக் கைப் பட்டன் ஆடுவதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். கழற்றிக் கொடுங்கள் தைத்துத் தருகிறேன் என்று சொல்ல நினைத்து, ஒவ்வொரு வாரமும் சொல்லாமல் திரும்புவாள். அளக்கிற பெண் திரையைப் பார்த்து, "போன தடவைக்கு இப்ப கொஞ்சம் விரியுது அக்கா" என்றாள். அவர் பங்கு கொடுத்ததால் விரிகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது வியாழக்கிழமை அடுத்த கட்டில் காலியாக இருந்தது.

"அந்த லிப்ட் சார் திங்கக்கிழமை வேலையில மயங்கி விழுந்துட்டார்" என்றாள் மாத்திரை எண்ணும் சிஸ்டர். "ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல. மேல வார்டுலதான் இருக்கார். பிரஷர் ஏறவே மாட்டேங்குது."

அவள் ஆஸ்பத்திரி லிப்டில் ஏறி நின்றாள். கதவு மூடியது. வெகுநேரம் கழித்துத்தான், தான் எதையும் அமுக்கவில்லை என்பது தெரிந்தது.

வார்டு வாசலில் ஒரு பெண் போன் பேசிக்கொண்டிருந்தாள். அவர் மூக்கு அப்படியே அவளுக்கும் இருந்தது; மகள்தான்.

"நீங்க?"

"கீழ... ஆராய்ச்சியில... கூட இருக்கறவ."

"ஓ, பட்டன் மேடமா? அப்பா போன்ல உங்களைப் பத்தித்தான் பேசுவார்." அழுது ஓய்ந்த குரல். "எதனாலன்னே தெரியலைங்க. ஆராய்ச்சி மாத்திரையாலயோன்னு டாக்டர் உறையைப் பிரிச்சுப் பார்த்தாராம். அப்பாவோடது வெறும் மாவாம். அதனால அது காரணம் இல்லைன்னுட்டாங்க. நாளைக்குக் காலையில இதயத்துக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கப் போறாங்க. மாவு மாத்திரைன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. கால் சூடாயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கார்."

அவருடையது மாவு. அப்படியென்றால் அவர் உடம்புக்குள் மருந்து ஏதாவது போயிருந்தால், அது அவள் எண்ணிக் கொடுத்ததாக மட்டுமே இருக்க முடியும்.

உள்ளே அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் வெளுத்து, கழுத்து மெலிந்து. அவளைப் பார்த்ததும் வாய் மட்டும் பழையபடி விரிந்தது.

"வாங்க மேடம். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். நாப்பது வருஷத்துல லிப்டு ஒருநாள் நின்னதில்லை, ஆளு நின்னுட்டேன்."

மகள் வெளியே இருப்பதைப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். உள்ளே ஏழெட்டு வெள்ளை மாத்திரைகள்.

"புட்டியை சிஸ்டர் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நான் யாரு? முன்னாடியே கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன்." ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "நாள் தவறக் கூடாதுல்ல."

"வேண்டாம்" என்றாள் அவள். அதற்குள் விழுங்கிவிட்டார்.

"நான் போய்ச் சொல்லிடறேன். நாம பிரிச்சுக்கிட்டதை."

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். "சொல்லாதீங்க. சொன்னா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க. அப்புறம் வியாழக்கிழமைக்கு நாம எங்க போறது?"

அந்தக் கேள்வியை அவர் கேட்பதற்கு முன்பே, லிப்டில் நின்றபோதே, அவள் தன்னையே கேட்டுப் பார்த்திருந்தாள். கையை விடுவித்துக்கொண்டு கீழே வந்தாள்.

ஆராய்ச்சி டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே போகிறவர்களும் வருகிறவர்களுமாக இருந்தார்கள். சொன்னால் ஆறு மாதம் இன்றோடு முடிந்துவிடும். சொல்லாவிட்டால் நாளைக் காலையில் அவர் இதயத்தில் குழாய் விடுவார்கள். அதற்கு முன்பே டப்பாவைத் திறந்து இன்னொன்றை விழுங்குவார். அது மாவா, அவளுடையதா என்று யாருக்கும் தெரியாது. வாக்கியத்தை மனதுக்குள் கட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நடுவில் அறுந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாத ஒரு கதவை அவள் வாழ்நாளில் தட்டியதில்லை. எழுந்து தட்டினாள்.

"சார், நாங்க மாத்திரையைப் பாதி பாதியாப் பிரிச்சுக்கிட்டோம்."

"எந்த மாத்திரையை?"

"ஆராய்ச்சி மாத்திரையை. நானும் லிப்ட்காரரும். மூணு மாசமா. டப்பா ஒண்ணு தலையணைக்கு அடியில இருக்கு. இப்பவும் சாப்பிடறார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் வார்டுக்குப் போன் செய்து டப்பாவை எடுக்கச் சொன்னார். பிறகு அலமாரியைத் திறந்து அவளுடைய உறையைப் பிரித்தார்.

"உங்களோடதுதாம்மா அசல்."

போன மாதம்தான் லிப்ட்காரருக்கு ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டியிருந்தார்களாம். இந்தப் புது மருந்தும் குழாயை விரித்து அழுத்தத்தை இறக்கக்கூடியது. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால் ஆளைத் தள்ளிவிடும். மாவு சாப்பிடுகிறவர் என்று நினைத்துத்தான் அவர்கள் இதயத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் விளையாட்டா அக்கா?" என்றாள் மாத்திரை சிஸ்டர், கண் கலங்கி. "மாசாமாசம் எண்ணி எண்ணி எழுதினேனே."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்க ரெண்டு பேர் அளவும் இனி உதவாது. அது போகட்டும். நீங்க சொல்லலைன்னா, அவர் மயக்கம் மாவு சாப்பிட்டவங்க கணக்குல ஏறியிருக்கும். இந்த மாத்திரை யாரையும் தள்ளாதுன்னு நாங்களும் எழுதியிருப்போம்" என்றார். பிறகு, "நல்ல வேளை வந்தீங்க" என்றார். ஆராய்ச்சியிலிருந்து வெளியே அனுப்புவதற்கான தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

இதயத்துக்குள் குழாய் விடவில்லை. இரண்டு நாளில் அவருடைய அழுத்தம் ஏறி நின்றது. சனிக்கிழமை அவள் பார்க்கப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவளுடைய காலடி தெரிந்திருக்க வேண்டும்.

"என்னோடது மாவாமே" என்றார் திரும்பாமலே. "கால் சூடா இருந்துச்சுங்க. நிஜமாவே இருந்துச்சு."

"தெரியும்" என்றாள்.

"இறக்கி விட்டுட்டீங்க மேடம்."

அது கோபமா, வழக்கமான கேலியா என்று அவளுக்குப் புரியவில்லை. நின்று பார்த்தாள். அவர் திரும்பவில்லை. வாசலில் மகள் வழிமறித்தாள்.

"உங்க மேல கோபம் இல்லைங்க. சொல்லாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். இனிமே அவர் தனியா இருந்தா இப்படித்தான் ஏதாவது பண்ணுவார்."

தனியாக இருந்ததால் செய்ததல்ல அது என்று அவளுக்குத் தோன்றியது. தலையாட்டிவிட்டுப் படி வழியாக இறங்கினாள்.

இது நடந்து ஒன்றரை வருஷமாகிறது. ஆராய்ச்சி முடிந்துவிட்டது, அந்த மாத்திரை குழாயை விரிக்கிறதா என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அவள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சாதாரண சர்க்கரைப் பிரிவுக்குப் போய், எல்லோருக்கும் கொடுக்கிற மாத்திரையை வாங்கி வருகிறாள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வலது காலில் உணர்ச்சி திரும்பவில்லை. லிப்ட்காரர் மகள் வீட்டில் நன்றாக இருப்பதாக மாத்திரை சிஸ்டர் ஒருமுறை சொன்னாள். அவருடைய எண் அவளுடைய போனில் இருக்கிறது. அவர் கூப்பிட்டதில்லை, அவளும் கூப்பிட்டதில்லை.